டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம்: ஆசிரியர் இல்லாத பேச்சுப் பயிற்சி

அலுவலகக் கூட்டங்களில் எழுந்து பேசத் தயங்குபவர்களிடம், "டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர்ந்து பாருங்களேன்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் தொடங்கிய இந்தப் பேச்சுப் பயிற்சி மன்றங்களின் அமைப்பை வகுப்பு என்று எண்ணிச் சேர்பவர்கள் முதலில் சற்றுக் குழம்புவார்கள், ஏனெனில் இங்கே ஆசிரியர் கிடையாது. பேசுவது, மதிப்பிடுவது, நேரம் பார்ப்பது, கூட்டத்தை நடத்துவது என எல்லாப் பொறுப்புகளையும் உறுப்பினர்களே முறைவைத்து ஏற்கிறார்கள். உறுப்பினராக இருந்து பார்த்த அளவில், இந்த மன்றம் முதலில் பழக்குவது திட்டமிடலை. பேச்சில் துணிவு அதன் வழியாகத்தான் வருகிறது.

முதல் பேச்சான 'ஐஸ் பிரேக்கர்' 4 முதல் 6 நிமிடம். பிறகு வருபவற்றில் பெரும்பாலானவை 5 முதல் 7 நிமிடம். இவற்றுக்கு நேரம் பார்ப்பவர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை அடையாளம் காட்டுவார், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு, அதன்பின் 30 நொடி சலுகை, அவ்வளவுதான். எழுதி வைத்ததை வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கும்போதுதான், முன்னுரையே மூன்று நிமிடத்தை விழுங்கிவிடுவது தெரியவருகிறது. எதை வெட்டுவது, எந்த எடுத்துக்காட்டை மட்டும் வைத்துக்கொள்வது என்று அப்போது செய்யும் கணக்கு, மேலாளரிடம் வாராந்திரப் பணி நிலவரம் சொல்லும்போது அப்படியே கைகொடுக்கிறது.

இதைவிடக் கடினமான பயிற்சி, அன்றைய கூட்டத்தை நடத்தும் 'டோஸ்ட்மாஸ்டர்' பொறுப்பு. பேச்சாளர்களிடம் தலைப்பும் கால அளவும் கேட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டாளரை அமர்த்தி, நிமிடக் கணக்கோடு நிகழ்ச்சி நிரலை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், மாலை நான்கு மணிக்கு ஒருவர் "அவசர வேலை, வர முடியாது" என்று வாட்ஸ்அப்பில் சொல்வார். சம்பளமோ அதிகாரமோ இல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டுமே ஆட்களிடம் வேலை வாங்கும் இந்தப் பழக்கத்தை இரண்டு நாள் பயிலரங்கம் எதுவும் தராது. 'பாத்வேஸ்' பாடத்திட்டத்தின் ஐந்து நிலைகளில் மேல்நிலைக்குப் போனால், குழு அமைத்து ஒரு திட்டத்தை முடித்துக்காட்டும் பணிகளும் உண்டு.

முன்னறிவிப்பின்றித் தலைப்பைக் கொடுத்து 1 முதல் 2 நிமிடம் பேசவைக்கும் 'டேபிள் டாபிக்ஸ்' பகுதி, கூட்டத்தில் திடீரென்று கேள்வி வந்தால் உறைந்துபோகிறவர்களுக்கு நல்ல மருந்து. 'வந்து', 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' என்று நாம் இடையிடையே போடும் ஒட்டுச் சொற்களை ஒருவர் எண்ணி இறுதியில் அறிவிப்பார். தன் கணக்கைக் கேட்டு அதிராதவர் குறைவு.

குறைகளும் உண்டு. ஒவ்வொருவருக்கும் கைதட்டி, கைகுலுக்கி மேடையை ஒப்படைக்கும் சடங்குகள் சிலருக்கு நாடகமாகவே படும். மதிப்பீடு என்ற பெயரில் மூன்று நிமிடமும் பாராட்டு மழையே பொழியும் மன்றத்தில் வளர்ச்சிக்கு வழியில்லை. பேச்சுப் போட்டிகளுக்குத் தனி ஈர்ப்பு இருக்கிறது. 2014இல் உலகப் பட்டம் வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாரச்சி. ஆனால் போட்டி மேடைக்குரிய ஏற்ற இறக்கமும் உணர்ச்சிப் பெருக்கும் பட்ஜெட் கூட்டத்தில் எடுபடாது என்பதைப் புதியவர்கள் தாமாகவே உணர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்லைடுகளையும் எண்களையும் வைத்துக்கொண்டு விளக்கும் பயிற்சியும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

தலைமையகத்துக்கான சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதியவர்களுக்கு ஒருமுறை கட்டணம் 20 டாலர். மன்றங்கள் தம் செலவுக்குத் தனியாகவும் வசூலிக்கலாம். தனியார் பயிற்சி நிலையங்களோடு ஒப்பிட்டால் இது மலிவுதான், தவறாமல் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும். பொது மன்றங்களில் விருந்தினராகப் போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆகவே இரண்டு மூன்று மன்றங்களுக்குச் சென்று, பேச்சாளர்களை விட மதிப்பீட்டாளர்களைக் கவனியுங்கள். "இந்த இடத்தில் இப்படி மாற்றினால் நன்றாயிருக்கும்" என்று குறிப்பிட்டுச் சொல்பவர்கள் இருக்கும் மன்றத்தில் பணம் கட்டுங்கள்.