வீட்டு வாசல்ல சாயம் அடிச்ச ஆர்எக்ஸ்இசட், மூணு வருஷம் ஓட்டுன பிறகு

மோட்டர் சைக்கிளுக்கு வீட்லயே சாயம் அடிக்கறவங்க எல்லாரும் அடிச்சு முடிச்ச அன்னைக்கே படம் எடுத்துப் போட்டுடறாங்க. அன்னைக்கு எதுவா இருந்தாலும் பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு மூணு மழைக்காலம் தாண்டி, எண்ணெ (பெட்ரோல்) சிந்தி, வெயில்ல காஞ்சு, ஜீன்ஸ் ஒரசி எப்படி ஆச்சுன்னு யாரும் சொல்றதில்ல, அதுக்காகத்தான் இத எழுதறேன். என்னோடது யமாஹா ஆர்எக்ஸ்இசட், 135 சிசி டூ ஸ்ட்ரோக், அப்பா ஓட்டுன வண்டி. வீடு மலேசியாவுல பிறைங்கற ஊருல, வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ்ல, அதனால தெனமும் கடல் மேல போற பினாங்கு பாலத்துல ஏறி எறங்குற மோட்டர், அந்தப் பக்கம் கூரை போட்ட பார்க்கிங்கும் கெடையாது. உப்புக் காத்து, வெயில், மழை எல்லாம் நேரா மேலதான். சாயம் அடிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். டேங்க் சூப்பரா இருக்கு. சைட் கவரும் வால் கவரும் பரவால்ல. ஃப்ரேம் சுமார். எக்சோஸ்ல (புகைக் கொழாய்) முன்பக்கம் நிக்கவே இல்ல. நாலுக்கும் அடிச்சது ஒரே கை, எக்சோஸ் தவிர மத்ததுக்கு ஒரே கறுப்பு. மேல என்ன லெக்கர் (கலருக்கு மேல அடிக்கற நெறமில்லாத பூச்சு) அடிச்சோம், அடியில என்ன பிரைமர் (கலருக்கு முன்னாடி அடிக்கற பூச்சு) போட்டோம், எவ்ளோ நேரம் காய விட்டோம், இதுலதான் வித்தியாசம் வந்துச்சு. கலர் டின்னுக்கு யோசிச்சு யோசிச்சு காசு போடறவங்க அந்தக் காச லெக்கருக்குப் போடுங்க, நான் சொல்ல வந்தது முக்கியமா இதுதான்.

டேங்க்லேர்ந்து ஆரம்பிக்கறேன். இதுக்கு முன்னாடி இதே டேங்க்க ஒரு கடையில குடுத்து அடிச்சிருந்தோம், எந்தக் கடைன்னு வேணாம். வந்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்லயே எண்ணெ மூடியச் சுத்தி பிசுபிசுன்னு ஆச்சு, பம்ப்புல எண்ணெ அடிக்கும்போது ஒரு சொட்டு வழிஞ்சு டிஷ்யூ வச்சு தொடச்சா டிஷ்யூல கறுப்பு ஒட்டிக்கிட்டு வருது. காரணம் இதுதான்: சாதாரண ஸ்ப்ரே டின்ல வர்றது ஒன்கே, அதாவது தின்னர் ஆவியாகிப் போனா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம், உள்ள வேற எந்த மாற்றமும் நடக்கறதில்ல. அதனால பெட்ரோலோ தின்னரோ பட்டா மறுபடி எளகிடும். டூகே அப்படி இல்ல. அதுல ஹார்டனர் தனியா இருக்கும், கலந்த பிறகு ரெண்டும் சேந்து ஒன்னோடொன்னு பின்னிக்கிட்டு இறுகும், ஒரு தடவை இறுகிடுச்சுன்னா பெட்ரோல் சிந்துனாலும் தொடச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.

டூகே லெக்கர் இப்ப டின்லயே கெடைக்குது. அடியில ஒரு பின் இருக்கும், அத அழுத்துனா உள்ள இருக்கற சின்ன டப்பா ஒடைஞ்சு ஹார்டனர் கலந்துக்கும், அதுக்கப்புறம் நல்லா குலுக்கணும், சும்மா பத்து ஆட்டு ஆட்டிட்டு அடிக்கறது இல்ல. பின்ன அழுத்திட்டா அந்த டின்ன அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது, உள்ளயே இறுகிடும். அதனால அடிக்க வேண்டிய சாமான் எல்லாத்தையும் தொங்க விட்டு ரெடி பண்ணிட்டு அப்புறம் ஒடைங்க. நான் சாமுராய் டூகே வாங்குனேன், நம்ம ஊரு பிராண்டு, மோட்டர் கடையிலயே கெடைக்கும். சாதாரண டின்ன விட ரெண்டு மூணு மடங்கு வெலதான், ஆனா டேங்குக்கு வேற எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இப்ப மூடிகிட்ட போய்ப் பாத்தா என்ன தெரியுதுன்னு சொல்றேன். மூடியோட ரப்பர் உக்கார்ற பள்ளம் இருக்குல்ல, அந்தப் பள்ளத்தோட உள் ஓரம் வரைக்கும் லெக்கர் எறங்கியிருக்கு, மாஸ்கிங் டேப்ப அந்த ரப்பருக்கும் உள்ள தள்ளி ஒட்டித்தான் அடிச்சேன். பெட்ரோல் மேலேர்ந்து லெக்கர கரைக்காது, ஆனா ஓரம் திறந்து கெடந்தா அந்த ஓரத்துல புகுந்து அடியில இருக்கற ஒன்கே கறுப்ப எளக்கிடும், அப்புறம் தோல் தோலா உரியும். ஓரம் ரப்பருக்கு அடியில முடிஞ்சிட்டா அந்த வேலையே இல்ல. மூணு வருஷத்துல எத்தனையோ தடவை வழிஞ்சிருக்கு, வெரல் நகத்த வச்சு கீறிப் பாத்தாலும் ஒன்னும் ஆகல. முட்டி படற எடத்துல மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கு, 2000 நம்பர் சேண்ட் பேப்பர்ல தண்ணி விட்டு லேசா தேச்சு காம்பவுண்ட் போட்டா திரும்பி வந்துடும். டேங்கோட அடிப்பக்கம் ரெண்டு தகடும் சேர்ற ஒதடு இருக்கே, அங்க மட்டும் ஒரு எடத்துல துரு கொப்புளிச்சிருக்கு. கூரான ஓரத்துல சாயம் எப்பவும் பின்வாங்கும், மெல்லிசா நிக்கும், அதனால ஓரத்துக்கு மட்டும் தனியா ஒரு கை முன்னாடியே அடிச்சிட்டு அப்புறம் முழுசா அடிக்கறது நல்லது.

அடியில போட்ட வேலை என்னன்னா, பழைய சாயத்த முழுசா பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்தாச்சு. பழசு மேலயே அடிக்கலாம்தான், ஆனா அடியில இருக்கறது ஒன்கேவா டூகேவான்னு தெரியாம மேல அடிச்சா சில நேரம் புதுசோட தின்னர் பழச எளக்கி அப்படியே சுருட்டிடும். தின்னர் நனைச்ச துணிய ஒரு மூலையில வச்சு தேச்சுப் பாருங்க, துணில கலர் வந்தா எடுத்துடறதுதான் வழி. டேங்க்ல எண்ணெ வாசனை கொஞ்சம் இருந்தாலும் தீப்பொறி பறக்கற கிரைண்டர் பக்கத்துல கொண்டு போகாதீங்க, காலி டேங்க்ல நிக்கற ஆவிதான் ஆபத்து. வெறும் தகடு வந்த பிறகு நம்ம ஊரு ஈரத்துல சில மணி நேரத்துலயே செம்மஞ்சளா துரு பூக்கும், அதனால அந்தக் கட்டத்துல தண்ணி விட்டு தேய்க்காம காஞ்ச தேய்ப்பு தேச்சு அன்னைக்கே எபோக்ஸி பிரைமர் அடிச்சிட்டேன். அதுக்கு மேல நெளிவுக்கு சிமென் (பள்ளத்த நிரப்பற புட்டி) போட்டு தேச்சு, ஃபில்லர் பிரைமர், அப்புறம் கறுப்பு. எட்ச் பிரைமர் போடறவங்க ஒன்னு கவனிங்க, அதுல அமிலம் இருக்கு, அது மேல நேரா சிமென் போட்டா சிமென் சரியா இறுகாது.

பாகான் டாலாம்ல எங்களுக்குத் தெரிஞ்ச போர்மன் (மெக்கானிக்) அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர்ட்ட டேங்க்க காட்டுனேன். கண்ணால பாக்கவே இல்ல, ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பைய கையில மாட்டிக்கிட்டு கண்ண மூடி தடவுனார். "தம்பி, இங்க ஒரு பள்ளம் இருக்குப்பா. பிரைமர்ல தெரியாது, லெக்கர் அடிச்சதும் லைட்டு வளைஞ்சு காட்டிக் குடுத்துடும்"னார். உண்மையாவே இருந்துச்சு, இடது பக்கம், அஞ்சு காசு அகலம் கூட இல்ல. வெறுங்கைல தெரியாதது அந்தப் பை மாட்டுனா தெரியுது, ஏன்னா தோல் இழுக்காம வழுக்கிக்கிட்டே போகும். அதுலேர்ந்து எது தேச்சாலும் நான் அப்படித்தான் பாக்கறேன்.

கவர்செட் (சைட் கவர், வால் கவர்) வேற கதை. பிளாஸ்டிக்க திருப்பி உள்பக்கம் பாத்தா அச்சுலயே எழுதியிருக்கும், அது ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்கா பிபி வகையான்னு. ஏபிஎஸ்ல சாயம் நல்லா ஒட்டும். பிபி எதையும் ஒட்ட விடாது, அதுக்குன்னு தனியா பிளாஸ்டிக் பிரைமர் இருக்கு, அது இல்லாம அடிச்சா நகத்துல தூக்குனாலே தாள் மாதிரி வரும். டூ ஸ்ட்ரோக் வண்டில இன்னொரு தொல்லை, சைட் கவர் உள்பக்கம் பூரா டூ-டி எண்ணெ (பெட்ரோலோட சேந்து எரியற இஞ்சின் எண்ணெ) பிசுக்கு. சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவி, அப்புறம் டிகிரீசர்ல தொடச்சு, அதுக்கப்புறம்தான் சேண்ட் பேப்பர் வைக்கணும். மொதல்லயே தேச்சா எண்ணெய உள்ள அமுக்கி விட்ட மாதிரிதான். கொஞ்சம் பிசுக்கோ சிலிக்கோன் பாலிஷோ மிச்சம் இருந்தாலும் சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்ல சாயம் அங்கங்க ஒதுங்கி வட்டம் வட்டமா ஓட்ட விழும். டயர் ஷைன் அடிக்கற எடத்துலயும் சாயம் அடிக்க வேணாம், அந்தச் சிலிக்கோன் காத்துலயே வரும்.

சைட் கவர் இப்ப பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா ரப்பர்ல சொருகுற காதுகிட்ட லெக்கர்ல சின்னச் சின்ன வெடிப்பு. கழட்டி மாட்டும்போது பிளாஸ்டிக் வளையுது, டூகே லெக்கர் கெட்டி, அதோட சேந்து வளையாது. பட்டறையில கலந்து அடிக்கறவங்க அதுக்கு வளையற மருந்து ஒன்னு சேப்பாங்க, டின்ல அந்த வசதி இல்ல. ஸ்டிக்கர் மேல லெக்கர் அடிக்கறவங்க மொத ரெண்டு கோட்டிங்க தூவுன மாதிரி மெல்லிசா விட்டு காய விடுங்க, எடுத்த எடுப்புலயே ஈரமா ஊத்துனா ஸ்டிக்கர் ஓரம் சுருண்டுக்கும்.

நம்ம ஊருல சாயம் அடிக்கறதுல பாதி வேலை வானத்தப் பாக்கறது. மழை வர்ற நேரம், இல்ல விட்டவுடனே அடிச்சா கறுப்பு வெள்ளையா மங்கும். தின்னர் வேகமா ஆவியாகும்போது தகடு குளுந்து போகுது, காத்துல இருக்கற ஈரம் அது மேல படியுது, அதுதான் அந்த மங்கல். பினாங்கு பக்கம் செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் மழை கொட்டும், ஜனவரி பிப்ரவரி, தைப்பூசம் சமயத்துல தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கும்போது பாருங்க, ரோடு எப்படி காஞ்சு கெடக்குது, அதான் சரியான நேரம். காலைல ஈரம் கொறஞ்ச பிறகு பத்து மணிவாக்குல ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடணும். அதுக்காக நேரா வெயில்லயும் வேணாம், கறுப்புத் தகடு சூடாகி மேல்தோல் மட்டும் சீக்கிரம் காஞ்சிடும், உள்ள மாட்டுன தின்னர் வெளிய வரும்போது ஊசி ஊசியா துளை போட்டுடும். போர்ச் நிழல்ல தரையில தண்ணி தெளிச்சு தூசிய அமுக்கிட்டு, க்ரில்லுல டேங்க்க தொங்க விட்டு அடிச்சேன். பக்கத்து வீட்டு மைவி கார நகர்த்தச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும், தாமான்ல ஒட்டி ஒட்டி இருக்கற வீட்ல சாயத் தூசி சுவர் தாண்டி தாராளமா போகும்.

டின்ன ஒரு சாண் தூரத்துல பிடிச்சு, டேங்க்குக்கு வெளியவே அழுத்த ஆரம்பிச்சு வெளியவே போய் விடுங்க, ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டுல பாதிய மூடணும். ஒரு கோட்டிங்குக்கும் அடுத்த கோட்டிங்குக்கும் நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம். லெக்கர் மறுநாள் தொட்டா காஞ்சிருக்கும், ஆனா உள்ள முழுசா இறுக நம்ம ஊரு சூட்டுலயே ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்துல எண்ணெ ஊத்தாதீங்க, தயவு செஞ்சு.

டூகேல ஒரு விஷயத்த லேசா எடுத்துக்கவே கூடாது, எனக்கு இதச் சொல்லாம விட மனசு வரல. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அது நுரையீரல்ல பட்டா ஆஸ்துமா கொண்டு வரலாம், ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காம போயிடுச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். கோவிட் நேரத்துல போட்ட மாஸ்க் இதுக்கு ஆகவே ஆகாது, அது தூசியத்தான் நிறுத்தும், ஆவிய விட்டுடும். பெரிய பட்டறையில வெளிக் காத்து குழாய் வழியா வர்ற மாஸ்க் போடுவாங்க. வீட்ல நாம குறைஞ்சது கெமிக்கல் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க், புதுக் கார்ட்ரிட்ஜ், கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை, திறந்த எடம். எங்கம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கு, அதனால லெக்கர் அடிச்ச அன்னைக்கு அவங்கள அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன், போட்டிருந்த சட்டையையும் வீட்டுத் துணியோட துவைக்கல. வீட்ல கொழந்தைங்க இருந்து போர்ச்சும் மூடுனாப்ல இருந்தா லெக்கர் வேலைய மட்டும் பட்டறைக்குக் குடுத்துடுங்க. தேய்க்கறது, பிரைமர், கறுப்பு எல்லாம் நீங்க பண்ணிக்கிட்டு லெக்கர மட்டும் குடுத்தாலும் செலவு நல்லாவே குறையும்.

ஃப்ரேம் சுமார்னு சொன்னேன்ல, இஞ்சின எறக்காம மாஸ்கிங் பண்ணி ஒன்கே கறுப்புதான் அடிச்சேன், லெக்கர் இல்ல. கால் படற எடம், பாலத்து உப்புக் காத்து நேரா மோதற முன்பக்கக் கொழாய், ரெண்டுலயும் சாயம் பேந்து துரு எட்டிப் பாக்குது, வருஷத்துக்கு ஒரு தடவை தேச்சு தொட்டு விடறேன். கறுப்புங்கறதால தொட்டு விட்டது தெரியல, இதே மெட்டாலிக்கா இருந்திருந்தா திட்டு திட்டா காட்டும். கேண்டி கலர் (அடி நெறம் ஊடுருவித் தெரியற கலர்) ஆசைப்படறவங்க இத யோசிச்சுக்கோங்க, கேண்டில ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நெறம் ஆழமாகும், டேங்க்கும் கவரும் ஒரே மாதிரி வர வைக்கறது டின்ல ரொம்பக் கஷ்டம், பின்னாடி கீறல் விழுந்தா அந்தத் துண்ட முழுசாத்தான் திருப்பி அடிக்கணும்.

எக்சோஸுக்கு ஹீட் பெயிண்ட் அடிச்சேன், டின்ல போட்டிருந்தபடி இஞ்சின கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தி ஆற விட்டு பதம் பண்ணியும் சிலிண்டர்கிட்ட இருக்கற வளைவுல ஒரு வருஷம் கூட தாங்கல. பின்பக்கம் இன்னும் நிக்குது. அது வருஷா வருஷம் அடிக்கற சாமான்னு வச்சுக்கிட்டேன்.

பராமரிப்புன்னு பெருசா ஒன்னும் இல்ல. பாலத்துல போய்ட்டு வர்ற வண்டிக்கு வாரத்துல ஒரு நாள் வெறும் தண்ணி ஊத்தி உப்ப எறக்குங்க, காஞ்ச துணிய வச்சு தூசிய இழுக்காதீங்க, கறுப்புல கோடு கோடா விழுந்துடும். மெழுகு எப்பவாவது போடறேன். செலவு, மாஸ்க்கும் சேண்ட் பேப்பரும் சேத்து கடையில குடுக்கறதுக்கு பக்கத்துல வந்துடுச்சு, மொத தடவைக்கு பெரிய மிச்சம்னு எதிர்பாக்காதீங்க, ஆனா அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கற டேங்க்க எந்த எடத்துல பேந்தாலும் நானே திருப்பி எடுத்துக்க முடியும்.

அடுத்த காஞ்ச மாசத்துல இஞ்சின எறக்கி ஃப்ரேம வெறும் இரும்பு வரைக்கும் கொண்டு வந்து எபோக்ஸி பிரைமரும் டூகே கறுப்பும் போடப் போறேன், டேங்க் ஒதட்டுல அந்தக் கொப்புளத்தையும் அப்பவே தேச்சு எடுத்துடணும். சைட் கவர இந்தத் தடவை பட்டறையில குடுத்து வளையற மருந்து கலந்த லெக்கர் அடிக்கச் சொல்லியிருக்கேன்.