எர்ஃபுர்ட் டோப்ஃப் மியூசியம்: இஞ்சினியரிங் டிராயிங் போடுறவங்க கண்டிப்பா பாக்கணும்

ஜெர்மனில எர்ஃபுர்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், டிக்கெட் கிடையாது, திங்கக்கிழமை லீவு. டோப்ஃப் உண்ட் ஸோனெங்கற கம்பெனியோட பழைய ஆபீஸ் இது, 2011ல மியூசியமா திறந்தாங்க. ஹிட்லரோட நாஜிகள் லட்சக்கணக்கானவங்களைக் கொன்ன அவுஷ்விட்ஸ் முகாம்ல பிணம் எரிச்ச அடுப்புகளை டிசைன் பண்ணது இங்க தான்.

பில்டிங் வெளிச்சுவத்துலயே பெரிய எழுத்துல ஒரு வரி, "உங்க வேலையைச் செய்ய எப்பவும் சந்தோஷம்"ங்கற அர்த்தத்துல. முகாம்களை நடத்தின நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸுக்கு எழுதின லெட்டர்ல இவங்க கையெழுத்துக்கு மேல போட்ட வரி அது. படிச்சதும் வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா நானும் பதினோரு வருஷமா டிசைன் ஆபீஸ்ல தான் இருக்கேன், கஸ்டமருக்கு நாங்க மெயில் முடிக்கிறதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

மேல்மாடில டிராயிங் போட்ட இடம். அங்க ஜன்னல்ல நின்னா தூரத்துல எட்டர்ஸ்பெர்க் மலை தெரியுது, புஹன்வால்ட்ங்கற இன்னொரு நாஜி முகாம் இருந்த மலை. ரொம்ப நேரம் அங்கேயே நின்னுட்டேன்.

முக்கியமா பாக்க வேண்டியது பேப்பர்கள். இவங்க மெயின் பிசினஸ் பீர் கம்பெனிக்கான மால்ட் மெஷின், தானிய சைலோ எல்லாம், முகாம் ஆர்டர் மொத்த வியாபாரத்துல சின்னப் பங்கு தான், யாரும் கழுத்துல கத்தி வைக்கல. அதுக்கு முன்னாடி ஊர்களுக்கு மின்மயானம் மாதிரி தகன அடுப்பு பண்ணிக் கொடுத்தவங்க, ஒருத்தர் சாம்பல் இன்னொருத்தரோடதுல கலக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தது நல்லாவே தெரியும். அந்த அடுப்பெல்லாம் பண்ண ப்ரூஃபர்ங்கற இஞ்சினியரே தான் முகாமுக்கு மூணு வாய் அடுப்பு போட்டாரு. 1942ல இதே கம்பெனி இஞ்சினியர் ஸாண்டர்ங்கறவர் நிக்காம ஓடுற அடுப்புக்கு பேடன்ட்டே கேட்டிருக்காரு!

நிஹிலிசம், அதாவது எதுக்கும் அர்த்தமில்லைங்கற எண்ணம்னா எல்லாரும் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைத்தான் இழுக்குறாங்க. அவரு 1900ல இறந்த வீடு பக்கத்துல வைமர்ல இருக்கு, அவர் தங்கச்சி ஹிட்லரை வரவேற்ற வீடும் அதுதான், முந்தின நாள் அதையும் பாத்தேன். ஆனா எதுக்கும் அர்த்தமில்லைங்கறது எனக்குக் கண்ணுல பட்டது அந்த வீட்ல இல்ல, இங்க இந்த டிராயிங்ல. எப்படி எரியும், எரிக்கிற நிலக்கரியை எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்னு தான் கணக்கு, எதுக்குன்னு ஒரு வரி கிடையாது. சர்வாதிகாரத்துக்கு வெறியனுங்க மட்டும் பத்தாது, இப்படி வேலையை வேலையா மட்டும் பாக்குற நல்ல டெக்னீஷியனும் வேணும்.

இங்கிலீஷ்லயும் விளக்கம் இருக்கு, ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க. முடிச்சிட்டு வைமர் போய் அங்கிருந்து பஸ்ல புஹன்வால்ட் போங்க, அடுப்பு இன்னும் அங்க இருக்கு, இரும்புல கம்பெனி பேரோட.