ஈரல் பயாப்ஸி படிக்க: மருத்துவக் கல்லூரியா, தனியார் லேபா?

எம்.டி. பேத்தாலஜி, அதாவது திசுவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் படிப்பு, மூன்று வருடம் முடித்து, இனி குடலும் ஈரலும்தான் என் வேலை என்று முடிவெடுத்த டெல்டாப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் ஆசிரியர் வேலையா, கும்பகோணத்தில் ஒரு தனியார் லேபா?

வீட்டில் கடன் இருந்தால் லேபுக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. ரிப்போர்ட் வேகமாகப் போக வேண்டும். கையும் கண்ணும் நன்றாகப் பழகும்.

ஆனால் ஈரலைப் படிக்க ஆசை இருந்தால் கல்லூரிதான் என்பேன். ஈரல் பயாப்ஸி என்பது ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த, நூல் மாதிரி ஒரு துண்டு, 2 செ.மீ. இருந்தாலே நல்ல துண்டு. மேசன் டிரைக்ரோம் என்ற சாயம் போட்டால் தழும்பு நீலமாகத் தெரியும். அந்த நீலம் ஒரு போர்ட்டல் பகுதியிலிருந்து (ஈரலுக்குள் ரத்தக் குழாயும் பித்தக் குழாயும் சேர்ந்து ஓடும் இடம்) அடுத்ததற்குப் பாலம் கட்டிவிட்டதா என்று சுற்றி உட்கார்ந்த மாணவர்களோடு தேடுவோம். "மேடம், இது குடியா, சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்பார். ஸ்லைடில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுந்து வார்டுக்குப் போய் அந்த மன்னார்குடி விவசாயியிடமே கேட்கலாம். நான் லேபில் இருந்தபோது சீட்டில் "ஈரல் பயாப்ஸி" என்ற இரண்டு சொல்தான் வரும். யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம் ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேத்தாலஜிஸ்ட் ராபின் வாரன் 1979-இல் இரைப்பைத் துண்டில் வளைந்த பாக்டீரியாவைப் பார்த்தது அன்றாட வேலையின் நடுவில்தான். பயிற்சியில் இருந்த பாரி மார்ஷல் பிறகு வந்து சேர்ந்தார். 2005-இல் இருவருக்கும் நோபல். கல்லூரியில் அப்படி ஓர் இளம் டாக்டர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார்.