சீசன் பார்த்து ஃபவுண்டேஷன் விற்றார்கள். முகம் செங்கல் நிறமானது

என் அலுவலக அடையாள அட்டைப் படத்தில் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது. முகம் சுட்ட செங்கல் நிறம். கழுத்து என் சொந்த மாநிறம். இரண்டுக்கும் நடுவில் தாடையோரம் கோடு போட்டதுபோல் எல்லை தெரிகிறது. ஃபவுண்டேஷன் என்கிற முகப்பூச்சு செய்த இந்தக் கோலத்துக்குக் காசு வேறு கொடுத்திருக்கிறேன். "உங்க சீசன் பார்த்து ஷேட் சொல்றோம்" என்று யாராவது கூப்பிட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த சீசன் பார்ப்பது என்னவென்றால், முகத்தருகே பல வண்ணத் துணிகளை மாற்றி மாற்றி வைத்து, எது வைத்தால் முகம் தெளிகிறது, எது வைத்தால் வாடுகிறது என்று பார்த்து, வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கில் ஒன்றில் நம்மைச் சேர்ப்பது. மஞ்சள் சாயல் நிறங்கள் எடுபட்டால் வசந்தம் அல்லது இலையுதிர். நீலச் சாயல் எடுபட்டால் கோடை அல்லது குளிர். இப்போது இதை 12, 16 என்றெல்லாம் பிரித்துவிட்டார்கள். (நம்மிடம் பெரும்பொழுதே ஆறு இருக்கிறது, கூதிர் முகம், முன்பனி முகம் என்று இன்னும் யாரும் கிளம்பவில்லை, அதுவரை சந்தோஷம்.) 1919 முதல் 1923 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்திய யோஹானஸ் இட்டனின் வண்ணச் சிந்தனையில் இதற்கு வேர் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் பெரிய மோகமாகி, ஓய்ந்து, இப்போது கொரியாவின் 'பர்சனல் கலர்' வழியாக மறுபடி வந்திருக்கிறது. இந்த முறையையே நான் பழிக்கவில்லை. துணி எடுக்க உதவும். என் சண்டை அதை வைத்து பாட்டில் விற்றவர்களோடு.

முதலில் செல்ஃபி கேட்டார்கள். அனுப்பினேன். நேரில் வரச் சொன்னார்கள். போன அறையில் ஜன்னல் இல்லை; மேலே மஞ்சள் பல்பு, எதிரே ரிங் லைட். நான் கண்ணில் மை, உதட்டில் சாயம், உடம்பில் அடர்சிவப்பு மேல்சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மேக்கப்பைத் துடைக்கச் சொல்ல வேண்டும், தலைமுடியை வெள்ளைத் துணியால் மூட வேண்டும், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், உடுத்தியிருக்கும் துணியின் நிறம் தாடையில் அடிக்காமல் மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு துணி, பத்து நிமிடம். "நீங்க அடர் இலையுதிர், மேடம். இனிமே கோல்டன் ஷேட் தவிர எதையும் தொடாதீங்க."

அடுத்த நொடியே மேசை டிராயர் திறந்தது. உள்ளே வரிசையாகப் பாட்டில்கள். என் 'சீசனுக்கு உரியவை' என்று இரண்டை எடுத்தார். ஒன்றைத் தானே சீல் பிரித்து என் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். "கையும் முகமும் ஒண்ணுதானே." மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாமே பொன்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூசியபோது குறை தெரியவில்லை. பத்தரைக்குக் கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஆரஞ்சு, வெள்ளைக் காலரில் ஆரஞ்சு விளிம்பு. பதினொன்றுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபவுண்டேஷன் பூசியவுடன் ஒரு நிறமும், தோலின் எண்ணெய்ப்பசையோடு கலந்து காய்ந்த பிறகு இன்னொரு நிறமும் காட்டும் என்பது மேக்கப் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இதைவிட அடிப்படையான தப்பு ஒன்று இருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. துணியை முகத்தருகே வைத்தால் முகம் மாறித் தெரிகிறதே, அது கண்ணின் வேலை. பக்கத்தில் இருக்கும் நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டும். சாயப் பட்டறையை மேற்பார்த்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839-லேயே இதை விரிவாக எழுதிவைத்தார். ஆக, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகம் எடுப்பாக இருக்கும் என்பதுதான் சீசன். ஃபவுண்டேஷனோ முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்லை, முகத்தின் மேலேயே இருக்கிறது. அது தோலோடு ஒன்றிக் காணாமல் போக வேண்டும். ஒரே இலையுதிர்காலத்தில் வெளுத்த தோல்காரரும் இருப்பார், நல்ல கறுப்புத் தோல்காரரும் இருப்பார். இருவருக்கும் ஒரே டிராயரிலிருந்து எப்படி எடுத்துக் கொடுப்பீர்கள்? அதிலும் கறுப்பு முடி, கறுப்புக் கண் என்றாலே இலையுதிர் அல்லது குளிர் என்று தள்ளிவிடும் பழக்கம் வேறு உண்டு.

கூடவே ஒரு அட்டை கொடுத்தார்கள்: வேறு எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் 'டபிள்யூ' போட்டதையே எடுக்கவும், அது வார்ம், அதாவது மஞ்சள் சாயல். நல்லவேளை, அதை நம்பி மேலும் வாங்கவில்லை. மேக் கம்பெனியின் ஷேட்களில் இது தலைகீழ்: பொன் சாயல் தோலுக்கு என்.சி., இளஞ்சிவப்புச் சாயலுக்கு என்.டபிள்யூ. எழுத்தை வைத்து வாங்கச் சொல்கிறவர் பாட்டிலைத் திறந்து பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஸ்கின்னுக்குப் பழகணும் மேடம், ரெண்டு வாரம் போடுங்க." பழகாது என்றேன். "சீல் பிரிச்சதை எடுக்க மாட்டோம்." பிரித்தது நீங்கள்தானே என்றதற்குப் பதில் இல்லை. பிரிக்காத இரண்டாவது பாட்டிலுக்கு? "கன்சல்டேஷன்ல வாங்கினது ரிட்டர்ன் கிடையாது." கடைசியில் சொன்னதுதான் உச்சம்: "அப்போ நீங்க குளிர்காலமா இருக்கலாம். இன்னொரு செஷன் போட்டுப் பாத்துடலாமா?" அதற்கும் முழுக் கட்டணம்.

பிறகு மேக்கப் வேலை தெரிந்த தோழி ஒருத்தி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, தாடையிலிருந்து கழுத்துவரை மூன்று ஷேட்களை மூன்று கோடாக இழுத்தாள். அப்புறம் அரைமணி நேரம் ஊர்க்கதை. திரும்பிப் பார்த்தபோது இரண்டு கோடுகள் இருந்தன. நடுக்கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அது ஆலிவ் சாயல். என் தோலில் லேசாகப் பச்சை ஓடுகிறதாம். அதன் மேல் பொன் ஷேட் போட்டால் ஆரஞ்சாகத்தான் தெரியும் என்றாள். ஆரஞ்சைத் தணிக்க நீல நிற மிக்ஸர் என்று ஒன்று கிடைக்கிறது. ஒரு துளி கலந்து அந்தப் பழைய பாட்டிலைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பாட்டில் சீலோடு அப்படியே இருக்கிறது.

எரிச்சல் என்னவென்றால், அவர்கள் அட்டையில் ஒட்டியிருந்த கடுகு மஞ்சளில் ஒரு துணி எடுத்து உடுத்திப் பார்த்தேன். குருட்டாம்போக்கில் சொன்னார்களோ என்னவோ, அது எனக்கு நன்றாகவே இருக்கிறது.