நின்ற மோட்டார் சைக்கிளைக் கராஜில் விடுமுன் இதை வாசியுங்கள்

எம்டி 90, பழைய ஸ்பிளெண்டர் என்று காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பகுதி) உள்ள மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற சைக்கிள் ஸ்டார்ட் வராவிட்டால், உடனே தள்ளிக்கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். ஒரு கராஜில் எங்களிடம் 38,500 ரூபாவும் வாங்கி, ஜப்பான் காபரேற்றரையும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

அது அப்பாவின் ஹொண்டா எம்டி 90. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவர் அதைத் தொடவில்லை. தகரக் கொட்டிலுக்குள் டாங்கில் பாதிப் பெற்றோலோடு நின்றது. கிக்கரை அழுத்தினால் கால் நன்றாக முட்டியது, அதாவது கம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) இருந்தது. ஆனால் ஸ்டார்ட் வரவில்லை.

டவுன் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் பிளக்கைக் கழற்றவில்லை, பெற்றோலை மணந்துகூடப் பார்க்கவில்லை. "எஞ்சின் போட்டுது ஐயா, போர் அடிக்கவேணும். காபரேற்றரும் செத்துப்போச்சு" என்றார். போர் அடிப்பதென்றால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, தேய்ந்த சிலிண்டரைக் கடைவது. "நான் விடேக்கை நல்லா ஓடின சைக்கிள் தம்பி" என்று அப்பா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திரும்பி வந்த சைக்கிள் ஸ்டார்ட் வந்தது. ஆனால் ஐடிலில் நிற்காது, அக்சிலேற்றரைத் திருப்பினால் இருமிக்கொண்டு அணைந்துவிடும். பெற்றோலும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தது. கோண்டாவில் பக்கம் பழைய ஹொண்டாக்களோடேயே காலம் கழித்த ஒருவரிடம் காட்டினோம். அவர் முன் கவரைக் கழற்றி, துணியால் துடைத்துக் காட்டினார். எங்கள் காபரேற்றரில் கெய்ஹின் என்று ஜப்பான் கம்பனியின் பெயர் பொறித்திருக்கும். இதில் ஒரு எழுத்தும் இல்லை, வார்ப்பின் விளிம்புகூடச் சரியாக அராவப்படவில்லை. பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளைப் பார்க்கச் சொன்னார். பழைய மண்ணும் ஒயிலும் சேர்ந்து காய்ந்து இறுகிக் கிடந்தன. ஒரு ஸ்பானர்கூட அவற்றில் படவில்லை. போர் அடித்ததற்கு மட்டும் பில்லில் காசு போட்டிருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அந்த நட்டுகளை நினைத்துத்தான்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய ஜப்பான் சாமான் எல்லாம் தேடி வாங்குகிற பொருளாகிவிட்டது. அதனால்தான் இந்தக் களவு.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். பெற்றோல் நின்றால் அதில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காபரேற்றரின் கிண்ணத்துக்குள் பிசினாகப் படியும். எங்கள் வெயிலுக்கு அது இன்னும் கெதியாக நடக்கும். ஐடிலில் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரும் இல்லை, முதலில் அடைபடுவது அதுதான். சோக் போட்டால் ஸ்டார்ட் வந்து, சோக்கை எடுத்தால் அணைந்தால் அநேகமாக இதுதான் காரணம்.

ஆகவே முதலில் வீட்டிலேயே பாருங்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். மஞ்சளோ பழுப்போ ஆகி வார்னிஷ் மணம் அடித்தால் அந்தப் பெற்றோலால் பிரயோசனம் இல்லை. டாங்கையும் வெறுமையாக்கி, உள்ளே டோர்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலையும் மணந்து பாருங்கள். மட்டம் ஏறி, பெற்றோல் மணம் வந்தால், கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் ஊசி வால்வு ஒழுகியிருக்கிறது, ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிச் சில துளி ஒயில் விட்டு, சுவிட்சை நிறுத்திவைத்து மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். அப்புறம் பிளக்கைத் துடைத்துப் போட்டு, புதுப் பெற்றோல் விட்டு, சோக் போட்டு முயற்சி செய்யலாம்.

ஜெட் அடைபட்டிருந்தால் காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாலே பெரும்பாலும் போதும். குத்த வேண்டி வந்தால் மெல்லிய தங்கூசி நூல் நல்லது. இரும்புக் கம்பி வேண்டாம், துளை பெருத்துவிடும்.

அதற்கும் சரிவராமல் கராஜுக்குப் போவதென்றால், விடுமுன் காபரேற்றரையும் அதிலுள்ள எழுத்தையும் போனில் படம் எடுங்கள், எஞ்சின் நட்டுகளையும் சேர்த்து. அதை அவர்கள் கண்முன்னே எடுங்கள். போர் அடிக்கவேண்டும் என்றால் முதலில் கம்பிரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களுக்குத் தந்த பில்லில் கராஜின் பெயர்கூட இல்லை. பெயர், திகதி, மாற்றிய சாமான் எல்லாம் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நட்டுகளின் படத்தோடு நானும் முறைப்பாடு கொடுக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் பில்லையும் படங்களையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுப்போம்.