பியூட்டைல் டேப்: இரண்டு குளிர்காலங்கள் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

சவுத்தாம்ப்டனுக்கு அருகே ஹாம்பிள் ஆற்றில் கட்டியிருக்கும் என் 26 அடிப் பாய்மரப் படகுக்குள் நெடுநாளாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் இடப்பக்கப் படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருக்கும்; மழை பெய்த வாரமென்றால் ஒரு செம்பு. அந்த ஒழுகலை நிறுத்தியது 12 மில்லிமீட்டர் அகலத்தில் சுருளாக விற்கும், சாம்பல் நிறப் பியூட்டைல் டேப்; அதாவது நீர் புகாமல் இடுக்குகளை அடைக்கும், பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாதவருக்கு இந்த டேப்பால் எந்தப் பயனும் இல்லை என்பதால், ஓட்டையைத் தேடிப் பிடித்த விதத்தையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

முதல் வேலையாகத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்திருந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளையும், புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தையும் சந்தேகித்திருப்பேன். கரிக்கவில்லை. அப்படியானால் ஒன்று குடிநீர்த் தொட்டி, இல்லையேல் மழை. தொட்டியை ஒரு வாரம் காலியாக வைத்தும் பெட்டி நனைந்ததால், தண்ணீர் மேல்தளத்திலிருந்துதான் வருகிறது என்பது உறுதியானது. பெட்டிக்கு நேர் மேலே ஒரு ஜன்னல் இருந்தது. பழுது பார்க்க வந்தவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் குற்றவாளி என்று தீர்மானித்து, சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கோனைப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே பெட்டி மறுபடியும் நிறைந்தது.

ஈரம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியதுதான் நாங்கள் இருவரும் செய்த தவறு. கண்ணாடி இழைப் படகில் மேல்தளத்துக்கும் உட்புறப் பூச்சுப் பலகைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் புகுந்த நீர், தளம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓடி, முதலில் எட்டும் திறப்பு வழியே கீழே விழும். எனவே பலகைகளைக் கழற்றிவிட்டு, தளத்தைத் துளைத்து இறங்கும் ஒவ்வொரு போல்ட்டின் நுனியிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றினேன். என் மனைவி டார்ச்சுடன் உள்ளே அமர்ந்துகொள்ள, நான் வெளியே தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஓரிடத்துக்குப் பத்து நிமிடம் வீதம் குழாய் நீரைப் பாய்ச்சியபடி மேலே ஏறினேன். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். எது ஒழுகியது என்று பிறகு சொல்லவே முடியாது. மூன்றாவது ஸ்டான்ஷனை, அதாவது ஓரக் கம்பியைத் தாங்கும் சிறு தூணை, எட்டியபோது உள்ளிருந்து "நனைஞ்சிடுச்சு!" என்று குரல் வந்தது. நான்கு காகிதங்களில் ஒன்று மட்டும் கருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் பெட்டியிலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் முன்னால் இருந்தது.

படகில் ஏறுவோர் எல்லோரும் அந்தத் தூணைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் அதன் அடித்தட்டு மயிரிழை அளவு அசைய, பழைய பூச்சு இறுகி வெடித்திருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் துளைக்குள், தளத்தின் நடு அடுக்காக இருந்த பால்சா என்னும் இலேசான மரம் ஊறி, காப்பித் தூள் போல உதிர்ந்தது. கெட்டதைச் சுரண்டி எடுத்து, உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சிப் பிசினால் நிரப்பி, புதிதாகத் துளையிட்டேன். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு டேப்பை மட்டும் வைப்பவர், அழுகலை மூடி மறைக்கிறார்.

துளையின் வாயைச் சற்றுச் சரிவாகக் குடைந்துவிடுவது மிக முக்கியம். போல்ட்டின் தலைக்குக் கீழே டேப்பைக் கூம்பு போலச் சுற்றி இறக்கினால், அந்தக் குடைவுக்குள் அது நெருக்குண்டு ஒரு வளையமாக அமர்ந்துகொள்கிறது. முடுக்கும்போது போல்ட்டைத் திருப்பக்கூடாது. திருப்பினால் வளையம் அறுந்துவிடும். மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கவும் கூடாது. நாளுக்கு அரைச் சுற்று வீதம் நான்கு நாள் திருப்பினேன். ஒவ்வொரு நாளும் அடித்தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று மெல்லப் பிதுங்கி வந்தது. அதைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்து, உருட்டி, பக்கத்துத் தூணுக்கே பயன்படுத்திக்கொண்டேன். வீணாவது அநேகமாக ஒன்றுமில்லை.

இந்த டேப் இறுகுவதே இல்லை. அதனால்தான் அசையும் பொருளோடு தானும் அசைந்துகொடுக்கிறது. பாலியூரித்தேன் பசை இதைவிட வலுவானதுதான். ஆனால் பிறகு கழற்ற நேர்ந்தால் தளத்தின் மேற்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். சிலிக்கோன் விட்டுச்செல்லும் படலத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்தில் பூசியதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது. அதே சமயம், நீர்மட்டத்துக்குக் கீழேயோ, ஒட்டும் வலிமையை மட்டுமே நம்பி நிற்கும் ஜன்னல்களிலோ பியூட்டைலை வைக்கக்கூடாது. பெட்ரோல், டர்பன்டைன் போன்றவை பட்டால் கரையும். குளிரில் விறைத்துவிடும் என்பதால் சுருளைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். கேரவன் கூரைக்கென்று விற்ற மலிவான ரகம் ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். கோடையில் இளகி வழிந்தது. படகுக்கென்றே விற்கும் கெட்டியான ரகத்தை, விலை கூடுதலானாலும், வாங்குங்கள்.

ஸ்டான்ஷன்கள் எட்டுக்கும் சேர்த்து ஒரு சுருளில் பாதிக்கும் குறைவாகவே செலவாயிற்று. இரண்டு குளிர்கால மழைகளுக்குப் பிறகும் பெட்டியில் போட்டுவைத்த செய்தித்தாள் உலர்ந்தே இருக்கிறது. மீதிச் சுருள், முன்தளத்தில் கயிறு கட்டும் கிளீட்டுகளுக்காகக் காத்திருக்கிறது.