பழைய டீசல் ஜீப்பில் ஆயில் பிரஷர் கேஜ்: சில வருட அனுபவம்

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் லைட்டைத்தான் நம்பி ஓட்டுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரைக் கிலோ (சதுர செ.மீ.க்கு; இங்கே கிலோ என்பதெல்லாம் அதுதான்) அளவுக்கு விழுந்தால்தான் அந்த லைட் எரியும். வண்டி ஓடும்போது அது எரிந்தால், மெட்டல் (கிராங்கைத் தாங்கும் பேரிங்) ஏற்கெனவே அடி வாங்க ஆரம்பித்திருக்கும்.

என் ஜீப்பில் இருப்பது 0–7 கிலோ மெக்கானிக்கல் கேஜ், அதாவது ஆயிலே குழாய் வழியாகக் கேஜ் வரை வந்து முள்ளை நகர்த்தும். எலெக்ட்ரிக் கேஜ் மாட்டுவது சுலபம்தான், ஆனால் எர்த் சரியில்லை என்றாலே முள் பொய் சொல்லும். எஞ்சின் பிளாக்கில் ஆயில் லைட்டின் ஸ்விட்ச் இருந்த இடத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஒரு பக்கம் ஸ்விட்ச், மறுபக்கம் கேஜ் குழாய். லைட்டையும் விட்டுவிடக் கூடாது. டீ வாங்கும் முன் மரை பி.எஸ்.பி.யா, என்.பி.டி.யா (இரண்டும் குழாய் மரையின் தர அளவுகள்) என்று பாருங்கள். 1/8 அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 28 புரி, பின்னதற்கு 27. மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று சமத்தாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரை போச்சு. செப்புக் குழாய் அதிர்விலேயே விரிசல் விடும். அதனால் பிளாக் பக்கம் கொஞ்ச தூரத்துக்குப் பிரஷர் தாங்கும் ஹோஸ் போட்டிருக்கிறேன். கேஜுக்குப் பின்னால் குழாய் விட்டால் சூடான ஆயில் நம் காலில்தான் கொட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் 4 கிலோவைத் தாண்டி நிற்கும். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, குளிர்ந்த ஆயில் கெட்டி, அவ்வளவுதான். நான் பார்ப்பது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, ஐடிலில் நிறுத்தும்போது காட்டும் அளவை. அது வழக்கமாக 1.2 இருக்கும். ஓட்டத்தில் 1000 ஆர்.பி.எம்.முக்கு சுமார் 0.7 கிலோ என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் சரி.

ஒரு கோடையில் அந்த 1.2 மெல்ல 0.8க்கு இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "எஞ்சினை இறக்கிடுங்க" என்றார்கள். இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் முள் ஏறிவிடும் என்றார் ஒருவர். ஏறும்தான். ஆனால் ஆயில் பம்ப் தருவது ஆயிலின் ஓட்டத்தை. அதற்குப் பேரிங் இடுக்கில் கிடைக்கும் தடைதான் பிரஷர். கெட்டி ஆயில் தடையைக் கூட்டி முள்ளைத் தூக்கும், காரணம் அப்படியே கிடக்கும்.

டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி அரை விரல் நின்றது. பழைய எஞ்சின் ஆயில் குடிக்கும், பெருக்காது. மோந்து பார்த்தால் டீசல் நெடி. டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து, டீசல் நேராக சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருந்தது. பம்ப் கிட், ஃபில்டர், புது 15டபிள்யூ-40. முள் பழைய இடத்துக்கே வந்தது. எஞ்சினை இறக்கியிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

இப்போது சூட்டில் 1 கிலோ காட்டுகிறது. டிப்ஸ்டிக் அளவு சரி, நெடியும் இல்லை, ஆக இது தேய்மானம்தான் போலிருக்கிறது. 0.7ஐத் தொட்டால் சம்ப்பைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறேன். ஜர்னல் (பேரிங்கில் சுழலும் கிராங்கின் பகுதி) நன்றாக இருந்தால் பிக் எண்ட் மெட்டலை (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்கப் பேரிங்) கீழிருந்தே மாற்றிவிடலாம், இல்லையென்றால் கிராங்க் கிரைண்டிங்தான்; கிரைண்ட் செய்து சிறுத்த கிராங்குக்குப் போடுவது அண்டர்சைஸ் மெட்டல். "அண்டர்சைஸ் மெட்டலை இப்பவே வாங்கி வைங்க, அப்புறம் கிடைக்காது" என்கிறார் லேத்காரர். கிராங்கை அளக்காமல் எந்த சைஸை வாங்குவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.